ஏழு பிளாஸ்திரி, பதினான்கு கைகள்: நிறைவில்லாத் தொகுதிகளில் தரவரிசைச் சோதனை

உரிக்கும்போது எந்த பிளாஸ்திரி குறைவாக வலிக்கிறது? ஏழு வகைகளை ஒப்பிட வேண்டும். வலியை அளக்கக் கருவி கிடையாது. 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லுங்கள் என்று கேட்கலாம், அவ்வளவுதான். ஒருவர் 6 என்று சொல்லும் வலியை இன்னொருவர் 3 என்பார். அதனால் ஒரே ஆளின் கையில் ஏழையும் ஒட்டிப் பார்ப்பதுதான் நேர்மையான ஒப்பீடு. ஆனால் முன்கையின் உட்புறத்தில் ஒன்றை ஒன்று தொடாமல் மூன்று துண்டுகள்தான் ஒட்ட முடியும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஒவ்வொரு ஆளும் ஒரு தொகுதி. அந்தத் தொகுதியில் ஏழில் மூன்றுக்குத்தான் இடம். இதைத்தான் நிறைவில்லாத் தொகுதி வடிவமைப்பு என்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் வலி எண்கள் எந்த ஆய்வகத்திலிருந்தும் வந்தவை அல்ல. கணக்கு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று நானே அமைத்தவை. கணக்கு மட்டும் அசல். ஒரு தாளும் பேனாவும் இருந்தால் எல்லாவற்றையும் நீங்களே சரிபார்க்கலாம். அப்படிச் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

யாருக்கு எந்த மூன்று?

ஏழு வகைகளுக்கும் நிறப்பெயர் வைத்துக்கொள்வோம்: வெள்ளை, சிவப்பு, பழுப்பு, நீலம், பச்சை, சாம்பல், மஞ்சள். இந்தப் பெயர்கள் பதிவேட்டில் மட்டுமே இருக்கும், கையில் ஒட்டுவதில் தெரியாது.

ஏதோ மூன்றை எடுத்து ஒட்டிவிட முடியாது. நீலமும் சிவப்பும் ஒரே கையில் ஒருமுறைகூடச் சந்திக்காவிட்டால், அவற்றை நேராக ஒப்பிட வழியே இல்லை. ஏழு வகைகளில் 21 ஜோடிகள் உண்டு. ஒவ்வொரு ஜோடியும் சமமான தடவை சந்திக்க வேண்டும். ஆளுக்கு மூன்று என்றால் ஓர் ஆள் மூன்று ஜோடிகளைத் தருகிறார். ஆக ஏழு பேர் போதும், 21 ஜோடிகளும் தலா ஒருமுறை வந்துவிடும். அப்படி ஒரு அடுக்கு உண்மையிலேயே இருக்கிறது என்பதுதான் அழகு. வகைகளுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுத்து, முதல் ஆளுக்கு 1, 2, 4 என்று தொடங்குங்கள். அடுத்தவருக்கு ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கூட்டி 2, 3, 5. அதற்கடுத்து 3, 4, 6. ஏழைத் தாண்டினால் மறுபடி ஒன்றிலிருந்து. ஏழாவது ஆளோடு சக்கரம் முடிகிறது. வடிவியல் படித்தவர்களுக்கு இது ஃபானோ தளம் என்று உடனே தெரிந்துவிடும்.

இத்தகைய சமநிலை நிறைவில்லாத் தொகுதிகளை ஃபிராங்க் யேட்ஸ் 1936இல் புள்ளியியலுக்குள் கொண்டுவந்தார். வேளாண் சோதனைகளுக்காகப் பிறந்த யோசனை அது. நம் சோதனையில் சக்கரத்தை இரண்டு முறை சுற்றுகிறோம். 14 பேர், ஒவ்வொரு வகையும் 6 பேர் கையில், ஒவ்வொரு ஜோடியும் 2 தடவை.

எந்த ஆளுக்கு எந்த மும்மை, கையில் எது மேலே எது கீழே, எதை முதலில் உரிப்பது, மூன்றையும் குலுக்கிப் போட்டு முடிவு செய்ய வேண்டும். உரிக்கும் வரிசையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் இழுப்பு தந்த எரிச்சல் இரண்டாவதற்கான பதிலைக் கெடுக்கும்.

தரவு

ஒவ்வொரு ஆளும் சொன்ன எண்கள், குறைந்த வலியிலிருந்து கூடிய வலிக்கு:

1: நீலம் 3, வெள்ளை 4, சிவப்பு 6
2: பச்சை 1, பழுப்பு 2, சிவப்பு 3
3: நீலம் 6, சாம்பல் 7, பழுப்பு 8
4: நீலம் 5, பச்சை 6, மஞ்சள் 9
5: வெள்ளை 3, பச்சை 4, சாம்பல் 5
6: மஞ்சள் 1, சாம்பல் 2, சிவப்பு 4
7: வெள்ளை 2, மஞ்சள் 4, பழுப்பு 5
8: வெள்ளை 3, நீலம் 4, சிவப்பு 7
9: பச்சை 1, சிவப்பு 2, பழுப்பு 3
10: நீலம் 7, பழுப்பு 8, சாம்பல் 9
11: பச்சை 5, நீலம் 6, மஞ்சள் 8
12: பச்சை 2, வெள்ளை 3, சாம்பல் 5
13: சாம்பல் 2, மஞ்சள் 3, சிவப்பு 4
14: மஞ்சள் 3, வெள்ளை 4, பழுப்பு 6

சராசரி எப்படி ஏமாற்றுகிறது

முதலில் எல்லோருக்கும் கை போவது சராசரியிடம்தான். போட்டுப் பார்ப்போம். வெள்ளை 3.17, பச்சை 3.17, சிவப்பு 4.33, மஞ்சள் 4.67, சாம்பல் 5.00, நீலம் 5.17, பழுப்பு 5.33. இதை வைத்து அறிக்கை எழுதினால் நீலம் வலிமிகுந்த இரண்டு வகைகளில் ஒன்று, சிவப்பு ஓரளவு நல்லது என்று வரும்.

இப்போது தரவை வரிவரியாகப் படியுங்கள். நீலம் வரும் ஆறு பேரில் நான்கு பேர் அதைத்தான் மிகக் குறைவாக வலித்தது என்கிறார்கள். சிவப்பு வரும் ஆறு பேரில் ஐந்து பேருக்கு அதுதான் மோசம். சராசரி எதிர்மாறாகச் சொல்லக் காரணம் எளிது. எதற்கும் பெரிய எண் சொல்லும் 3, 4, 10, 11ஆம் ஆட்களின் கையில் நீலம் விழுந்தது. எதையும் பொறுத்துக்கொள்ளும் 2, 6, 9, 13ஆம் ஆட்களின் கையில் சிவப்பு விழுந்தது. நாம் பிளாஸ்திரியை அளக்கவில்லை, அது ஒட்டியிருந்த ஆளின் சுபாவத்தை அளந்திருக்கிறோம்.

சமநிலை வடிவமைப்பு இருந்துமா இப்படி என்று கேட்கலாம். ஆம், இருந்தும்தான். ஜோடிகள் சமமாகச் சந்திப்பதை மட்டுமே வடிவமைப்பு உறுதி செய்கிறது. அந்தச் சந்திப்பை ஆளுக்குள் வைத்துப் பார்க்கும் பொறுப்பு கணக்குப் போடுபவருடையது.

எண்கள் சாய்வாக இருக்கின்றன, பண்பளவை சாராச் சோதனை (எண்கள் எந்தப் பரவலைச் சேர்ந்தவை என்று அனுமானிக்காதது) போடலாம் என்று சிலர் க்ரஸ்கல்–வாலிஸ் சோதனைக்குப் போவார்கள். அது 42 எண்களையும் ஒரே குவியலாகக் கொட்டி 1 முதல் 42 வரை தரம் கொடுக்கும். இந்தத் தரவில் அதன் மதிப்பு, சமன்களுக்கான (ஒரே எண் பலமுறை வருவதற்கான) திருத்தத்துக்குப் பிறகு, 5.83, கட்டின்மைப் படி (வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 6, பி-மதிப்பு (வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிடவோ பெரிய மதிப்பு தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.44. வேறுபாடு நிறுவப்படவில்லை என்ற தீர்ப்பு. பண்பளவை சாராதது என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது. தொகுதியை மறந்த தரவரிசையும் சராசரி செய்த அதே தவறைத்தான் செய்கிறது.

தொகுதியை மறக்காதது ஃபிரீட்மன் சோதனை. பின்னாளில் பொருளியலுக்காக நோபல் பெற்ற மில்டன் ஃபிரீட்மன் 1937இல் தந்தது. ஆனால் அதற்கு ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா வகைகளும் இருந்தாக வேண்டும். ஏதாவது வகை விடுபட்ட தொகுதிகளை நீக்கிவிட்டுப் போடலாம் என்றால், இங்கே பதினான்கும் போய்விடும்.

டர்பின் சோதனை: சந்திப்புகளை எண்ணுவது

ஜேம்ஸ் டர்பின் 1951இல் இந்த இடைவெளியை நிரப்பினார். காலத் தொடர்வரிசைத் தரவில் எல்லோரும் பயன்படுத்தும் டர்பின்–வாட்சன் சோதனையின் அதே டர்பின்தான். செய்ய வேண்டியது ஒன்றே: ஒவ்வொரு ஆளுக்குள்ளும் 1, 2, 3 என்று தரம் கொடு, பிறகு வகைவாரியாகக் கூட்டு. மூன்றாம் ஆளின் 6, 7, 8உம் 1, 2, 3தான். இரண்டாம் ஆளின் 1, 2, 3உம் 1, 2, 3தான். ஆளின் சுபாவம் அந்த இடத்திலேயே கழன்றுவிடுகிறது.

தரக்கூட்டல்கள்: நீலம் 8, பச்சை 8, வெள்ளை 9, மஞ்சள் 12, சாம்பல் 14, பழுப்பு 16, சிவப்பு 17. மொத்தம் 84. வேறுபாடே இல்லையென்றால் ஒவ்வொன்றும் 12ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

பாடநூல்கள் சூத்திரத்தைத் தந்துவிட்டு நகர்ந்துவிடும். அந்தக் கூட்டலுக்கு ஒரு எளிய பொருள் இருப்பதைச் சொல்வதில்லை. ஒரு தொகுதியில் ஒரு வகையின் தரம் என்பது, அங்கே அதைவிடக் குறைவாக வலித்தவற்றின் எண்ணிக்கையோடு ஒன்று. ஆறு தொகுதிகளில் கூட்டினால், தரக்கூட்டலிலிருந்து 6ஐக் கழித்தது, அந்த வகை எத்தனை சந்திப்புகளில் ‘அதிக வலி’ என்று பெயர் வாங்கியது என்பதற்குச் சமம். ஒவ்வொரு வகையும் மற்ற ஆறையும் இரண்டிரண்டு முறை சந்திக்கிறது, மொத்தம் 12 சந்திப்புகள். சிவப்பு 12இல் 11இல் அதிகம் வலித்தது. நீலம் 12இல் 2இல் மட்டும். சுற்றுப்போட்டிப் புள்ளிப்பட்டியல் போலத்தான். எல்லோரும் எல்லோரோடும் சம தடவை மோதியதால்தான் புள்ளிகளை நேராகக் கூட்டி ஒப்பிட முடிகிறது. சமநிலை தரும் பலன் இதுதான்.

சரி, கணக்கு. 12இலிருந்து விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 86. இதைப் பெருக்க வேண்டிய எண்: 12 × (வகைகள் − 1) ÷ (ஒரு வகை வரும் தடவை × வகைகள் × (தொகுதி அளவு − 1) × (தொகுதி அளவு + 1)). அதாவது 72 ÷ 336, அல்லது 3/14. விடை 18.43. இத்தகைய மதிப்புகளுக்குத் தோராயமாகப் பயன்படும், கட்டின்மைப் படி 6 உள்ள கை-வர்க்கப் பரவலில் பி-மதிப்பு 0.005. 0.44 எங்கே, 0.005 எங்கே! தரவு அதேதான். ஆளுக்குள் பார்த்தோம், அவ்வளவுதான் மாற்றம்.

ஏழு பேரோடு நிறுத்தியிருந்தால்

இந்த எடுத்துக்காட்டில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் இது. முதல் சுற்றின் ஏழு பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தரக்கூட்டல்கள்: நீலம் 3, வெள்ளை 4, பச்சை 5, மஞ்சள் 6, சாம்பல் 7, பழுப்பு 8, சிவப்பு 9. ஒன்றோடொன்று முரண்படும் தீர்ப்பு ஒன்றுகூட இல்லை. 21 சந்திப்புகளும் ஒரே வரிசைக்கு உடன்படுகின்றன. இதைவிடத் தெளிவான தரவு ஏழு பேரிடமிருந்து வரவே முடியாது.

டர்பின் மதிப்பு 12. கை-வர்க்கப்படி பி-மதிப்பு 0.062.

அதாவது, இந்த வடிவமைப்பில் சமன் இல்லாத எந்தத் தரவும், எவ்வளவு அற்புதமாக இருந்தாலும், கை-வர்க்கத் தோராயத்தில் வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே போகவே முடியாது. ஏழு பேரை வைத்துச் சோதனை நடத்தி, மென்பொருள் காட்டும் 0.062ஐப் பார்த்து ‘வேறுபாடு நிறுவப்படவில்லை’ என்று எழுதுபவர், சோதனை தொடங்கும் முன்பே தீர்ப்பை எழுதிவிட்டார்.

சிறிய தரவுக்கு வேறொரு தோராயத்தைப் புள்ளியியலாளர் கோனவர் பரிந்துரைக்கிறார்: தரங்கள் மீது மாறுபாட்டுப் பகுப்பாய்வு (குழுச் சராசரிகளை ஒப்பிடும் முறை) போட்டு எஃப் பரவலைப் பார்ப்பது. அதில் எஃப் மதிப்பு 8, கட்டின்மைப் படிகள் 6உம் 8உம், பி-மதிப்பு ஏறக்குறைய 0.005. ஒரே தரவுக்கு ஒன்று 0.062 என்கிறது, இன்னொன்று 0.005 என்கிறது. யாரை நம்புவது?

இரண்டையும் நம்ப வேண்டாம், எண்ணிப் பார்த்துவிடலாம். வகைகளுக்குள் வேறுபாடே இல்லையென்றால் ஓர் ஆள் தன் மூன்று துண்டுகளை வரிசைப்படுத்தும் 6 வழிகளும் சம வாய்ப்புள்ளவை. ஏழு பேருக்கு 6இன் ஏழாம் அடுக்கு, 2,79,936 வழிகள். இவற்றில் மதிப்பு 12ஐத் தருபவை எத்தனை? 12 என்பது உச்சம். எல்லாச் சந்திப்புகளும் ஒரே முழு வரிசைக்கு உடன்பட்டால்தான் உச்சம் வரும். ஏழு வகைகளுக்கு அப்படி 5,040 முழு வரிசைகள் உண்டு. எல்லா ஜோடியும் சந்தித்துவிடுவதால் ஒவ்வொரு வரிசையும் ஒரு தனி விடைத்தாளைத் தருகிறது. 5,040ஐ 2,79,936ஆல் வகுத்தால் 0.018. இது தோராயம் அல்ல, துல்லியமான பி-மதிப்பு. கை-வர்க்கம் அளவுக்கு மீறித் தயங்கியது, எஃப் அளவுக்கு மீறி அவசரப்பட்டது.

பதினான்கு பேருக்கு வழிகளின் எண்ணிக்கை 7,800 கோடியைத் தாண்டுகிறது, முழுதாக எண்ண வேண்டாம். கணினியில் ஒவ்வொரு ஆளின் தரங்களையும் அவருக்குள்ளேயே கலைத்து, பத்தாயிரம் தடவை டர்பின் மதிப்பைக் கணக்கிட்டு, 18.43ஐத் தொட்டவை எத்தனை என்று பார்த்தால் போதும். சில வரி நிரல்தான். தொகுதிகள் குறைவாக இருக்கும் எந்த ஆய்விலும் இதைச் செய்யாமல் நான் அறிக்கையில் கையெழுத்திட மாட்டேன்.

எது எதிலிருந்து வேறு?

ஒட்டுமொத்த வேறுபாடு தெரிந்தபின் ஜோடி ஒப்பீடு. கோனவர் முறையில் இரண்டு தரக்கூட்டல்களின் வித்தியாசத்துக்கான திட்டப்பிழை (தற்செயலான ஏற்ற இறக்கத்தின் அளவு) இங்கே 2.285. ஒற்றை ஒப்பீட்டுக்கு 4.74ஐத் தாண்ட வேண்டும், அதாவது வித்தியாசம் 5 இருந்தால் போதும். 10 ஜோடிகள் தேறுகின்றன. ஆனால் 21 ஜோடிகளைச் சோதிக்கிறோம். போன்ஃபெரோனி திருத்தம் (ஒப்பீடுகள் பல என்பதால் எல்லையைக் கடுமையாக்குவது) போட்டால் எல்லை 7.84, வித்தியாசம் 8 வேண்டும். அப்போது ஐந்து ஜோடிகள்தான் மிஞ்சும்: சிவப்புக்கு எதிராக நீலம், பச்சை, வெள்ளை, பழுப்புக்கு எதிராக நீலம், பச்சை. எஃப் தோராயம் அவசரப்படும் என்று பார்த்த பிறகு, அதே அடித்தளத்தில் நிற்கும் இந்த ஒப்பீட்டுக்குக் கடுமையான எல்லையை வைப்பதே சரி.

தரவரிசை எதை இழக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான்காம் ஆளுக்குப் பச்சை 6, மஞ்சள் 9. மூன்றாம் ஆளுக்குச் சாம்பல் 7, பழுப்பு 8. மூன்று புள்ளி இடைவெளியும் ஒரு புள்ளி இடைவெளியும் தரவரிசையில் ஒன்றாகிவிடுகின்றன. வலி எண்ணில் 6க்கும் 9க்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் ஒன்று என்று நம்பினால் தொகுதிக்குள் மாறுபாட்டுப் பகுப்பாய்வு போடலாம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

ஒரு துண்டு கழன்றுவிட்டால்

ஒன்பதாம் ஆளின் கையிலிருந்த சிவப்பு, உரிக்கும் நேரத்துக்கு முன்பே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் பச்சையும் பழுப்பும் மட்டுமே மிச்சம். சமநிலை உடைந்தது, டர்பின் சூத்திரம் இனி செல்லாது.

ஸ்கில்லிங்ஸும் மேக்கும் 1981இல் தந்த சோதனை இதற்குத்தான். ஒவ்வொரு தரத்திலிருந்தும் அந்தத் தொகுதியின் நடுத்தரத்தைக் கழித்து, தொகுதி அளவுக்கேற்ற எடையால் பெருக்குகிறார்கள். எடை, 12ஐ (தொகுதி அளவு + 1)ஆல் வகுத்ததன் வர்க்கமூலம்: மூன்று துண்டுத் தொகுதிக்கு 1.732, இரண்டு துண்டுத் தொகுதிக்கு 2. அப்புறம் எந்த ஜோடி எத்தனை தடவை சந்தித்தது என்ற அணியை வைத்துச் சேர்க்கிறார்கள். எதுவும் விடுபடாவிட்டால் இது டர்பின் மதிப்பையே தரும், எல்லாத் தொகுதியும் முழுமையாக இருந்தால் ஃபிரீட்மனையே தரும். நம் தரவில் விடை 18.45, பி-மதிப்பு 0.005. ஒரு தரவு போயும் மதிப்பு குறையவில்லை. ஒன்பதாம் ஆளில் சிவப்பின் தரம் நடுவிலிருந்த 2. அது சிவப்புக்கு எதிராகவும் ஆதரவாகவும் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் இந்த 18.45ஐ எழுதிவிட்டு எழுந்துபோக முடியாது. துண்டு ஏன் போனது? ஸ்கில்லிங்ஸ்–மேக், விடுபட்டதற்கும் வலிக்கும் தொடர்பில்லை என்று எடுத்துக்கொள்கிறது. பிளாஸ்திரியில் அந்தத் தொடர்பு நேரடியானது. பிடிப்பு குறைந்து தானாகக் கழன்றிருந்தால், உரித்திருந்தாலும் வலி குறைவாகவே இருந்திருக்கும். அரிப்பு தாங்காமல் அவரே இரவில் பிய்த்தெறிந்திருந்தால், அது மோசம் என்பதற்கே சாட்சி. பதிவேட்டில் ‘விடுபட்டது’ என்று ஒரு கோடு போட்டால் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். காரணத்தையும் அந்தக் கட்டத்திலேயே எழுத வைக்க வேண்டும்.

மற்ற இரண்டின் வரிசையை அப்படியே வைத்துச் சிவப்பை மூன்று இடங்களிலும் பொருத்திப் பார்ப்போம். முதலிடம் கொடுத்தால் டர்பின் மதிப்பு 15.00, பி-மதிப்பு 0.020. நடுவில் வைத்தால் முன்போலவே 18.43. கடைசியில் வைத்தால் 19.29, பி-மதிப்பு 0.004. சிவப்புக்கு மிகச் சாதகமாக எடுத்தாலும் ஒட்டுமொத்த முடிவு நிற்கிறது. அறிக்கையில் இந்த மூன்று எண்களும் வர வேண்டும்.

ஓர் ஆள் இரண்டு துண்டுகளுக்கு ஒரே எண் சொன்னால் சராசரித் தரம் கொடுத்து, திருத்தப்பட்ட சூத்திரத்தைப் பயன்படுத்த வேண்டும். ‘எது கூடுதல்?’ என்று மறுபடி அழுத்திக் கேட்டு சமனை உடைக்க வைப்பதை நான் விரும்புவதில்லை, இல்லாத வேறுபாட்டைச் சொல்லச் சொல்வது அது.

அறிக்கையில் எழுதாதது

நீலமும் பச்சையும் தலா 8 தரக்கூட்டலோடு நிற்கின்றன. நீலம்தான் சிறந்தது என்று எழுத எந்த ஆதாரமும் இல்லை. இரண்டும் ஒரே கையில் சந்தித்தது இரண்டே முறை: நான்காம் ஆளுக்கு நீலம் 5, பச்சை 6, பதினோராம் ஆளுக்குப் பச்சை 5, நீலம் 6. இந்த இரண்டுக்கும் நடுவே தீர்ப்பு வேண்டுமானால் தனிச் சோதனைதான் வழி. இரண்டு துண்டுகளுக்கு எந்தக் கையிலும் இடம் இருக்கிறது. அங்கே தொகுதிகள் முழுமையாகிவிடும், யாருக்கு எது குறைவாக வலித்தது என்று எண்ணி ஒரு குறிச் சோதனை போட்டாலே போதும்.